சோளத்துக்குக் குறை யூரியா இல்லை

ஏழாலை,
கார்த்திகை மாதம்

அன்பு மகனுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

சோளம் வெளிறுகிறது என்று தங்கச்சி சொன்னதைக் கேட்டுவிட்டு, "காசு அனுப்புறன், இன்னும் யூரியா வாங்கிப் போடுங்கோ அப்பா" என்றாய். உன் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பயிருக்குக் குறை யூரியா இல்லை, நாகம்; அதுதான் துத்தநாகம், சிங்க் என்கிற சத்து. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

யூரியா போதாவிட்டால் முதலில் அடியிலைதான் மஞ்சளாகும். நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியே உள்ளே இறங்கும். இங்கே அடியிலைகள் பச்சையாகத்தான் நிற்கின்றன. குருத்திலிருந்து விரிகிற புது இலைகள் வெளிறுகின்றன. ஒன்றை விரித்துப் பார்த்தேன். நடுநரம்பு பச்சை, ஓரமும் பச்சை. இரண்டுக்கும் நடுவே, இலையின் அடிப்பக்கத்திலிருந்து மேலே விரலகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. கணுக்கள் நெருங்கிச் செடியும் குட்டையாக நிற்கிறது. தண்டு நீள வேண்டிய வளர்ச்சி ஓமோன் உண்டாவதற்கு நாகம் வேண்டும், அதுதான் காரணம். இப்படியே விட்டால் பூப்பது பிந்தும், பொத்தி சிறுக்கும், மணியும் நிரம்பாது.

எங்கள் செம்மண்ணில் நாகமே இல்லை என்று நினைக்காதே. கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீரும் அந்தக் கல்லுக்குள்ளால் வருவதுதான், கேத்திலில் வெள்ளை படிவது உனக்குத் தெரியும். காரம் கூடிய மண்ணில் நாகம் கரையாமல் கிடக்கும், வேருக்கு எட்டாது. போதாக்குறைக்கு வெங்காயத்துக்கென்று போகத்துக்குப் போகம் ரீ.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளை போட்டு வந்திருக்கிறோம். பொசுபரசு மிஞ்சினால் பயிர் எடுக்கிற நாகம் இன்னும் குறையும். இந்தக் குறையை முதலில் காட்டுகிற பயிர்களில் சோளமும் ஒன்று.

காணியிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. வெங்காயம் நின்ற கிணற்றடித் துண்டு வெளிறிக் கிடக்கிறது. கோடையில் மாட்டுப் பட்டி அடைத்த கிழக்குத் துண்டோ, அதே விதை, அதே நாள் ஊன்றியது, கரும்பச்சையாக நிற்கிறது. எருவில் நாகமும் உண்டு, மண்ணில் இறுகிக் கிடப்பதை வேருக்கு விட்டுக்கொடுக்கிற குணமும் உண்டு. அப்பு காலத்தில் பூவரசங்குழை வெட்டித் தாட்டதெல்லாம் வீண் வேலையில்லை, தம்பி. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது பட்ட பாட்டுக்குப் பிறகு, யூரியா கிடைத்தால் எல்லாம் சரி என்ற எண்ணம் ஊரில் ஊறிவிட்டது. எனக்கு அதுதான் கவலை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நிற்கிற பயிருக்கு இலைவழியாகத்தான் கொடுக்கலாம். 16 லீற்றர் தாங்கிக்கு 80 கிராம் நாகசல்பேற்று. 40 கிராம் நீற்றிய சுண்ணாம்பை வேறு வாளியில் கரைத்து, சீலையில் வடித்துச் சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால் இலை கருகும். கிணற்றுத் தண்ணீரை விட மழைத்தண்ணீர் நல்லது, இந்த மாதம் அதற்குக் குறைவில்லை. வெயில் தணிந்த பிறகு, மழை இல்லாத நாளில் அடித்து, பத்து நாள் விட்டு இன்னொரு தரம்.

அடுத்த போகத்துக்கு நாகசல்பேற்றை மண்ணிலேயே போட்டுவிடலாம். ஏக்கருக்கு, அதாவது பதினாறு பரப்புக்கு, 10 கிலோ என்றால் ஒரு பரப்புக்கு 600 கிராமுக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். மணலோடு கலந்து தூவிக் கொத்திவிட வேண்டும். மேலே தூவினால் அங்கேயே நிற்கும், நாகம் மண்ணுக்குள் தானாக இறங்காது. ரீ.எஸ்.பி.யோடு சேர்த்துக் கலக்கவும் கூடாது. ஒருமுறை போட்டால் இரண்டு மூன்று போகத்துக்கு அதன் பலன் நிற்கும், ஒவ்வொரு முறையும் போடத் தேவையில்லை. அதற்கு முன் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்குக் காசு அனுப்பியே ஆக வேண்டுமென்றால் கோடைக்கு அனுப்பு, கிணற்றடித் துண்டிலும் பட்டி அடைக்கலாம்.

மருந்தடித்த பிறகு தங்கச்சி படம் அனுப்புவாள். வெள்ளைப் பட்டை விழுந்த பழைய இலைகள் முழுதாகத் தேறா. அவற்றைப் பார்த்துப் பயப்படாமல் குருத்தில் வருகிற புது இலையைப் பார்.

அன்புடன்,
அப்பா