'புழு இருந்தது' என்று எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி அணை, பாரூர் ஏரி போன்ற இடங்களில் நீர்ப்பறவை செத்து ஒதுங்கினால், "குடலில் புழுக்கள் காணப்பட்டன" என்ற ஒற்றை வரியோடு பரிசோதனையை முடிக்கும் வழக்கம் மாற வேண்டும். அந்தப் புழுக்களில் ஒரு வகையான தட்டைப்புழு (ட்ரெமடோட்; நாடாப்புழு அல்ல) நத்தைக்குள் வளராமல் பறவைக்கு வராது. நத்தையிலிருந்து மீன், தவளை, தும்பி என்று வழி பிரிகிறது. இனம் தெரிந்தால், பறவை எதைத் தின்று புழுவை வாங்கியது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

செத்த சில மணி நேரத்துக்குள் குடலைத் திறப்பது முக்கியம். வெயிலில் கிடந்த உடலில் புழுவின் மேல்தோல் அழுகி, தலையைச் சுற்றியுள்ள முட்கள் உதிர்ந்துவிடும். எக்கினோஸ்டோம் என்னும் தட்டைப்புழுக் குடும்பத்தின் இனங்களைப் பிரிக்க முதலில் எண்ணுவது அந்த முட்களைத்தான்: எக்கினோஸ்டோமா ரெவலூட்டத்துக்கு 37, எக்கினோபாரிஃபியம் ரிகர்வேட்டத்துக்கு 45. நாலைந்து முள் போனாலும் கணக்கு தப்பு.

சிறுகுடலை மூன்று துண்டாகவும், சிறுகுடல் முடியும் இடத்தில் பை போல நீளும் சீக்கம் (குருட்டுக்குடல்) இரண்டையும் தனியாகவும், 0.9 சதவீத உப்புக்கரைசல் உள்ள வெவ்வேறு தட்டுகளில் வெட்டித் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போட்டால் எது எங்கே இருந்தது என்ற தடயம் போய்விடும். நோட்டோகோட்டிலஸ் என்னும் தட்டைப்புழு சீக்கத்தில்தான் அதிகம் இருக்கும். அதற்கு, குடலில் ஒட்டிக்கொள்ள உதவும் வயிற்றுப்பக்க உறிஞ்சி கிடையாது, முட்டையின் இரு முனையிலும் நீண்ட இழை இருக்கும். உட்சவ்வை மெதுவாகச் சுரண்டி, பத்துப் பதினைந்து நிமிடம் வண்டல் படியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்து, தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய புழுக்கள் அந்த வண்டலில்தான் கிடக்கும். அவசரப்பட்டு முதல் கழுவலைத் தொட்டியில் ஊற்றினால் அவை போனதுதான்.

உயிருள்ள புழுவை நேரே குளிர்ந்த ஃபார்மலினில் போடாதீர்கள். சுருண்டு இறுகிவிடும், உறுப்பு எதுவும் தெரியாது. சூடான உப்புக்கரைசலில் கொன்றால் நீண்டபடி நிற்கும். நுண்ணோக்கியில் பார்க்கப் புழுவின் மேல் வைக்கும் மெல்லிய கண்ணாடியின் (கவர் ஸ்லிப்) அழுத்தமும் லேசாக இருக்கட்டும். நசுக்கினால் உறிஞ்சிகளின் அளவும் விரைகளின் இடமும் மாறி, வேறு இனமாகத் தோன்றும். பிறகு உறுப்புகள் தெளிவாகத் தெரிய கார்மைன் என்ற சிவப்புச் சாயம் ஏற்ற வேண்டும். சில புழுக்களை 95 சதவீத ஆல்கஹாலில் தனியே வைத்தால் டி.என்.ஏ. பரிசோதனைக்கு உதவும், ஃபார்மலினில் கிடந்தவை அதற்குச் சரிவராது. எச்சத்தில் முட்டையை மட்டும் பார்த்து இனம் சொல்வது பெரும்பாலும் ஊகமே.

புழு இருந்தது என்பதால் அதுதான் கொன்றது என்று ஆகாது. நலமான வாத்திலும் புழு உண்டு. குடல் தடித்திருக்கிறதா, ரத்தம் கசிந்திருக்கிறதா, எத்தனை புழு என்று பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பல பறவைகள் ஒரே நேரத்தில் செத்தால் பறவைக் காய்ச்சல் இல்லை என்பது உறுதியாகும்வரை யாரும் கத்தி வைக்கக் கூடாது. பொதுமக்கள் தொடாமல் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் சொன்னால் போதும்.

பரிசோதனைப் படிவத்தில் குடல் பகுதி, புழுக்களின் எண்ணிக்கை, இனம் என மூன்று கட்டங்களைச் சேர்க்கவும், ஏரிகளை ஒட்டிய கால்நடை மருந்தகங்களுக்கு ஆல்கஹால் குப்பிகள் கொடுக்கவும் மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்கள் சிலர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.