சின்னவள் கிரிமினல் பக்கம் போய்விட்டாள்

அன்புள்ள முத்து,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். என் முட்டிவலி அப்படியே இருக்கிறது. கோபாலு இன்னும் அந்த ஸ்கூட்டரை விற்கவில்லை.

விஷயம் இதுதான். சட்டம் முடித்துவிட்டு ஏதாவது கம்பெனியில் உட்காருவாள் என்று நாங்கள் நினைத்திருந்த சின்னவள், ஒரு கிரிமினல் சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்துவிட்டாள். மாதம் என்ன தருகிறார் என்று கேட்காதே, சிரிப்பாய். "கொலை கேஸில் மாட்டினவனுக்கா வாதாடப் போகிறாய்?" என்று அகிலாவின் அண்ணன் கேட்டார். "நாளைக்கு உங்களைப் பிடித்துக்கொண்டு போனால் யாரைக் கூப்பிடுவீர்கள் மாமா?" என்றாள். அவர் காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அகிலாவின் புலம்பலைத் தனிக் கடிதமாக எழுத வேண்டும்.

அரசு வக்கீலாக இருந்து ஓய்வுபெற்ற பி.பி. நீ, அகிலாவின் அண்ணன் பக்கம்தான் சேருவாய். அதனால் உனக்கு எதிராஜ் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். வேலூரில் பிறந்தவர். சென்னையில் கிரவுன் பிராசிக்யூட்டராக, அதாவது வெள்ளைக்காரன் காலத்து அரசு வக்கீலாக, உட்கார்ந்த முதல் இந்தியர், அதாவது உன் ஆள். அந்த மனுஷர்தான், பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் மாட்டிய நடிகர்கள் பாகவதருக்கும் என்.எஸ்.கே.வுக்கும் வாதாடினார். 1945-ல் ஜூரி குற்றவாளிகள் என்றது, ஆயுள் தண்டனை. ஐகோர்ட்டும் உறுதி செய்தது. லண்டனில் அன்றைய கடைசி மேல்முறையீட்டுக் கோர்ட்டான பிரிவி கவுன்சில் வரை போய், மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கச் சொல்லி இங்கே திரும்பி வந்தது. எதிராஜ் நின்று வாதாட, 1947 ஏப்ரலில் இரண்டு பேரும் விடுதலை. அடுத்த வருஷமே பெண்களுக்குக் கல்லூரி ஆரம்பித்தார். கிரிமினல் வக்கீல் காசு பாவக் காசு என்பவர்கள் அந்த வாசலில் போய்ச் சொல்லட்டும்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பாகவதர் உள்ளே இருந்தபோது அவர் படம் பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே வந்தபின் எடுத்த படங்கள் எதுவும் முன்போல் ஓடவில்லை. என்.எஸ்.கே. எழுந்தார், அவர் எழவில்லை. விடுதலை வாங்கித் தந்த வக்கீலுக்கும் அதற்கு மேல் வழி கிடையாது. இது சின்னவளுக்கு இப்போதே தெரியுமா என்பதுதான் என் கவலை.

நேற்று ராத்திரி பதினோரு மணிக்குக் கேஸ் கட்டை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். உடனே கோர்ட்டுக்குப் போக வேண்டிய எஃப்.ஐ.ஆர். பதிவானது முதல் நாள் ராத்திரி. மாஜிஸ்திரேட் அதில் கையெழுத்துப் போட்டுக் குறித்த நேரமோ மறுநாள் சாயங்காலம். ஸ்டேஷனிலிருந்து கோர்ட்டுக்கு நடந்தே போகலாம். "நடுவில் எங்கேப்பா இருந்தது இந்தப் பேப்பர்?" என்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. அதற்கு உன் ஆட்கள் என்ன பதில் சொல்வார்கள், சொல்?

சரி, அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா? ஒரு மணி நேரம் இன்ஸ்பெக்டராகக் கூண்டில் ஏறு, அவள் குறுக்கு விசாரணை செய்யட்டும். பழைய தந்திரம் எதையும் மிச்சம் வைக்காதே. கோர்ட்டில் பெயரைக் கூவிக் கூப்பிடும் டவாலி வேலைக்குக் கோபாலுவைச் சொல்லிவிட்டேன், குரல் இன்னும் இருக்கிறது.

உன்,
சேது