கப்சாய்க்காரனுக்கும் கான்வாயில் இடம் கொடுங்கள்: பினாங்கு தமிழ் பைக்கர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் இயங்கும் தமிழ் பைக்கர் குழுக்களின் தலைவர்களுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

எல்லை தாண்டி தாய்லாந்தின் பெத்தோங் வரை போகிற வருடக் கடைசிப் பயணத்துக்கான உங்கள் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி என் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது. ஏற்பாடெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கூலிம், பாலிங், பெங்காலான் ஹுலு என்று பாதை போட்டவர் யாரோ, அவருக்கு ஒரு தே தாரிக் கடன்பட்டிருக்கிறேன். எனக்குச் சிக்கல் கடைசி வரியில்தான்: “250 சிசிக்கு மேற்பட்ட மோட்டார்கள் மட்டும்.”

நான் பட்டர்வொர்த்தில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவன். உங்களில் பலர் என்னிடம் ஆயில் மாற்றுகிறவர்கள், செயின் இறுக்குகிறவர்கள். அதனால் இதை நேருக்கு நேர் பேசுவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பையன்கள். அவர்களிடம் இருப்பது ஒய்15, எல்.சி., ஒருவனிடம் அப்பாவின் பழைய இ.எக்ஸ்.5, எல்லாம் கப்சாய் என்று நாம் சொல்லும் சின்ன மோட்டார்கள். “அண்ணே, எங்களைச் சேத்துக்க மாட்டாங்களா?” என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பதில் தெரிந்தே கேட்டார்கள்.

தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் குழுக்கள் தண்ணீர்ப் பந்தல் போடுகின்றன, நல்ல காரியம், ஊரே மெச்சுகிறது. தண்ணீர்மலைக்குப் போகிற சாலையில் காலை வைக்க இடமில்லாத நேரத்தில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு சந்து சந்தாக நுழைந்து வருகிறவன் யார்? ஆயிரம் சிசிக்காரரா? அன்றைக்கு மட்டும் கப்சாய் நம் வண்டி. ஆயுத பூஜைக்கும் அப்படித்தான், ஐயர் எலுமிச்சம்பழம் வைக்கும்போது டயரின் அகலத்தைப் பார்ப்பதில்லை.

கப்சாயை இளக்காரமாகப் பேசுவது இந்த ஊரில் இருந்துகொண்டு செய்யக்கூடாத காரியம். 1958-இல் ஜப்பானில் கப்சாய்களுக்கெல்லாம் மூத்ததான ஹோண்டா சூப்பர் கப் வெளிவந்தது, 50 சிசி. ஹோண்டா நிறுவனத்தின் வியாபாரத்தைக் கவனித்துக்கொண்ட தக்கேயோ ஃபுஜிசாவா வைத்த நிபந்தனை ஒன்று பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை: நூடல்ஸ் கொண்டுபோகிற பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்தபடி மறு கையால் ஓட்ட முடிய வேண்டும். அதனால்தான் அதில் கிளட்ச் பிடி இல்லை. இன்ஜின் வேகம் கூடும்போது மையவிலக்கு விசையில் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும், காலால் கியரை மிதித்தால் போதும். அதே 1958-இல் பினாங்கிலிருந்து ஜப்பான் போய் சோய்ச்சிரோ ஹோண்டாவைச் சந்தித்து, அந்த மோட்டாரை மலாயாவுக்குக் கொண்டுவரும் உரிமையை வாங்கி வந்தவர் லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறு பையனாக வந்து, இதே பினாங்கில் பஸ் கழுவி, மெக்கானிக்காக வேலை பார்த்து முன்னுக்கு வந்த மனிதர். அவர் பெயர் தாங்கிய ஹோண்டா நிறுவனம் இன்றும் பத்து காவானில், நம் இரண்டாவது பாலம் கரையேறுகிற பக்கத்தில்தான் இருக்கிறது. 2017-க்குள் உலகம் முழுக்க 10 கோடி சூப்பர் கப்கள் செய்யப்பட்டுவிட்டன. இந்த உலகத்தில் வேறு எந்த இன்ஜின் வண்டியும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

நம் வீடுகளில் அந்த வண்டி என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டுமா? பால்மரக் காட்டுக்கு விடியற்காலையில் போனது அதில்தான். ஒட்டுப்பால் மூட்டை, பிள்ளைகள், அரிசி, கோழி, பிரசவ வலி வந்த அத்தை, எல்லாம் அதே சீட்டில் போனார்கள். தோட்டத்தை விட்டு வெளியே வேலைக்குப் போக முடியும் என்று நம் ஆட்களுக்குக் காட்டிக்கொடுத்த வண்டி அது. அதை ஓட்டியவரின் பேரன் இன்று டுக்காட்டி ஓட்டுகிறான், சந்தோஷம். ஆனால் டுக்காட்டி வந்ததும் தாத்தாவின் வண்டிக்கு வாசலை அடைப்பது என்ன நியாயம்?

“உலகம் முழுக்க பைக்கர் கலாசாரம் இப்படித்தான்” என்று உங்களில் ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து சொன்னார். கொஞ்சம் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்லி இல்லாதவனை வாசலிலேயே நிறுத்தும் கிளப்கள் உண்டு. ஆனால் ஊர் கூடி வருகிற கூட்டங்களைப் பாருங்கள். தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் கூட்டம் 1938-இல் ஒன்பது பந்தய ஓட்டிகளோடு ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் கிளாரன்ஸ் ஹோயல், என்னைப் போல ஒரு மோட்டார் கடைக்காரர் (அவர் விற்றது ‘இந்தியன்’ என்கிற மோட்டார், நம்ம ஆள் இல்லை). 2015-இல் அங்கே கூடியவர்கள் 7 லட்சத்துக்கும் மேல்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஜெர்மனியின் ‘யானைச் சந்திப்பு’. ஜுண்டாப் நிறுவனத்தின் கே.எஸ்.601 என்ற பச்சை மோட்டாரை ‘பச்சை யானை’ என்பார்கள். அதை வைத்திருந்தவர்கள் 1956 ஜனவரியில், உறைபனியில், ஸ்டுட்கார்ட் பக்கத்தில் கூடினார்கள். ஒரே ஒரு மாடல்காரர்களுக்கான கூட்டம். அப்படியே விட்டிருந்தால் அந்த மாடலோடு அதுவும் போய்ச் சேர்ந்திருக்கும். கதவைத் திறந்துவிட்டார்கள். ஜுண்டாப் அந்த வண்டியைச் செய்வதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது, கூட்டம் மட்டும் ஒவ்வொரு குளிர்காலமும் பவேரியக் காட்டில் நடக்கிறது. பனியில் கூடாரம் போட்டு, வைக்கோல் பரப்பி, கையால் ஒட்டுப்போட்ட சைடுகார்களோடு வருகிறார்கள். அங்கே மதிப்பு ஓட்டிவந்த பாதைக்குத்தான், வண்டியின் விலைக்கு இல்லை.

ஐல் ஆஃப் மேன் தீவின் டி.டி. பந்தயத்தை 1907-லிருந்து நடத்துகிறார்கள், அதைவிடப் பெரிய பந்தயம் உங்களுக்கும் எனக்கும் தெரியாது. 1959-இல் ஹோண்டா முதன்முதலாக அங்கே போனபோது எடுத்துப் போனது 125 சிசி மோட்டார்கள். முதல் போட்டியிலேயே குழுப் பரிசு. இரண்டு வருஷம் கழித்து, 1961-இல், மைக் ஹெயில்வுட் 125, 250 இரண்டு பிரிவுகளிலும் ஹோண்டாவில் ஜெயித்தார். உங்கள் அறிவிப்பின்படி பார்த்தால் அந்த இரண்டு வெற்றியும் பெத்தோங் வரக்கூடத் தகுதியில்லாதவை.

சரி, உங்கள் பக்கத்துக் காரணங்களுக்கு வருகிறேன். வேகம் ஒத்து வராது என்கிறீர்கள். நெடுஞ்சாலையில் உச்ச வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். ஒய்15 அதை மூச்சுத் திணறாமல் தொடும். அதற்கு மேல் போக வேண்டும் என்றால் பிரச்சினை கப்சாயிடம் இல்லை. தவிர, பாலிங் தாண்டியதும் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கிற இடத்தில் இருநூற்றைம்பது கிலோ வண்டியை வைத்துக்கொண்டு திணறுவது யார் என்று உங்களுக்கே தெரியும். தாய்லாந்தின் மே ஹோங் சோன் சுற்றில் 1,864 வளைவுகள் என்று கணக்குச் சொல்லிச் சான்றிதழே கொடுக்கிறார்கள், சியாங் மாயில் வாடகைக்கு எடுத்த சிறிய ஸ்கூட்டரில் அதைச் சுற்றி முடிக்கிறவர்கள் ஏராளம்.

இரண்டாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: மாட் ரெம்பிட், அதாவது சாலையில் சட்டவிரோதப் பந்தயம் விடுகிறவர்கள் என்ற பெயர். கப்சாய் கூட்டத்தோடு போனால் போலீஸ் மறிக்கும், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன் கொடுக்கும், பத்திரிகையில் கெட்ட பெயர் வரும். இந்தப் பயம் நியாயமானதுதான், நான் சிரிக்கவில்லை. சைக்கிள் டயர் போல ஒல்லி டயரும், ஊரை எழுப்புகிற எக்சாஸ்டும், மடக்கி மறைத்த நம்பர் பிளேட்டும் என் பட்டறைக்கும் வருகின்றன. நான் திருப்பி அனுப்புகிறேன். ஆனால் நம் நாட்டுச் சாலைகளில் விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். பதினெட்டு வயதுப் பையனுக்கு முன்னால் போகிறவனிடமிருந்து எவ்வளவு இடைவெளி விடுவது, இடம் வலமாக மாற்றி மாற்றி எப்படி வரிசை பிடிப்பது, மழையில் பாலத்து இணைப்பு இரும்பை எப்படிக் கடப்பது என்று யார் கற்றுத் தருகிறார்கள்? லைசென்ஸ் பள்ளியில் எட்டு போட்டுக் காட்டியதோடு சரி. மீதியை நடு ராத்திரியில், அவனைப் போலவே தெரியாத கூட்டாளியிடம் கற்றுக்கொள்கிறான். உங்களிடம் மார்ஷல் இருக்கிறார், கடைசியில் வரும் ஸ்வீப்பர் இருக்கிறார், முதலுதவி கற்றவர் இருக்கிறார். நீங்கள் விலக்கி வைக்கிறவனுக்குத்தான் இவையெல்லாம் அதிகம் தேவை.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீவிலும் பெருநிலத்திலும் தினமும் மோட்டாரில் வேலைக்குப் போகும் நம் பெண்கள் ஓட்டுவது அநேகமாக 110, 125 சிசி மோட்டார்தான். 250 என்று கோடு போட்டால் அவர்களையும் சேர்த்தே வெளியே நிறுத்துகிறீர்கள். பின்சீட்டில் மட்டும் இடம் உண்டு என்று ஆகிறது. யோசியுங்கள்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. சிசிக்குப் பதிலாக வண்டியின் நிலையை நிபந்தனையாக்குங்கள்: கம்பெனி அளவு டயர், சத்தம் போடாத எக்சாஸ்ட், வேலை செய்கிற விளக்குகள், உயிருள்ள லைசென்ஸ், ரோட்டெக்ஸ் (சாலை வரி). பயணத்துக்கு முந்தின வாரம் என் பட்டறையில் வண்டிகளைப் பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம், சாமான் மாற்றினால் சாமானுக்கு மட்டும். கப்சாய்கள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பட்டும், பாலிங்கில் சேர்ந்துகொள்ளலாம். பையன்கள் சிலருடைய வண்டி அப்பா பெயரில் இருக்கும், சிலருடையது கடனில் இருக்கும். எல்லையில் கிராண்ட் (வண்டிப் பதிவுப் பத்திரம்), உரிமையாளரின் அனுமதிக் கடிதம், தாய்லாந்து காப்புறுதி என்று கேட்பார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

உடனே பெத்தோங் வேண்டாம் என்றால் ஒரு ஞாயிறு தீவைச் சுற்றலாம். பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறுவோம். இப்போதுள்ள ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் சைக்கிளும் மோட்டாரும்தான். தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி, தெலுக் பாஹாங், அங்கிருந்து மலை ஏறி பாலிக் புலாவ், பாயான் லெப்பாஸ். திரும்புவதற்குப் பாலம். 2019-லிருந்து மோட்டாருக்கு டோல் கிடையாது, அந்தச் சலுகையும் 50 சிசிக்கும் 1000 சிசிக்கும் ஒன்றுதான். யார் ஒழுங்காக ஓட்டுகிறான், யார் ஆட்டம் போடுகிறான் என்று அந்த ஒரு சுற்றிலேயே உங்கள் மார்ஷலுக்குத் தெரிந்துவிடும். ஆட்டம் போடுகிறவனை நீக்குங்கள், நானே சாட்சி சொல்கிறேன்.

உங்கள் அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். என்னையும் கூப்பிட்டால் வருகிறேன், அந்தப் பையன்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. முடியாது என்றால் காரணத்தை அவர்களிடமே சொல்லுங்கள்.

அன்புடன்,
பட்டர்வொர்த் பட்டறைக்காரன்