கிளினிக் கொப்பியில் ‘அக்கி’ என்றும் எழுதிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது என் தம்பிக்கு இடப்பக்க விலாவில் எரிவு தொடங்கியது. மறுநாள் முதுகிலிருந்து நெஞ்சு வரை, ஒரே பக்கமாக, பட்டி கட்டினாற்போல் கொப்புளங்கள். சேட்டுப் பட்டாலே துடித்தான்.

அவனுக்கு ஈரலைத் தாக்கும் ஹெப்பரைற்றிஸ் சி இருக்கிறது. 2009 இல் காயப்பட்டபோது இரத்தம் ஏற்றினார்கள். அதில்தான் தொற்றியதா என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அந்த இரத்தம் இல்லாவிட்டால் அவன் இன்று இல்லை, ஆகவே அதை நான் கிளறுவதில்லை. அதற்கான 12 வாரக் குளிசையில் அப்போது ஏழாவது வாரம். “குளிசைச் சூடுதான் அக்கா வெளிய தள்ளுது” என்று குளிசையை நிறுத்திவிட்டு வேப்பிலை அரைத்துப் பூசினான். ஐந்தாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மருத்துவர் ஏசவில்லை. கொப்புளம் கண்டு 72 மணித்தியாலத்துக்குள் வந்திருந்தால் அசைக்ளோவிர் என்ற மருந்து இன்னும் நன்றாக வேலை செய்திருக்கும் என்றார். ஹெப்பரைற்றிஸ் குளிசையை நாங்களாக நிறுத்தவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சிறுவயதில் வந்த சின்னம்மை எனும் கொப்புளிப்பானின் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் ஒளிந்திருந்து, எதிர்ப்புச் சக்தி தளரும்போது அக்கியாக எழும்புகிறது. நாட்பட்ட ஹெப்பரைற்றிஸ் சி உள்ளவர்களுக்கு அது கூடுதலாக வருவதை ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள்.

சரி, மருந்தோடு வீட்டுக்கு வந்தோம். கொப்பியில் ‘ஹேர்பிஸ் சொஸ்டர்’ என்றிருந்தது. மருமகன் போனில் ‘ஹேர்பிஸ்’ என்று மட்டும் தேடி, பாலியல் நோய் என்று வாசித்துவிட்டான். தம்பியின் மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தம்பி இரண்டு நாள் எவருடனும் கதைக்கவில்லை. ஹெப்பரைற்றிஸ் என்றதுமே அவனுக்குச் சாப்பாட்டுக் கோப்பையை வேறாக்கிய வீடு அது. ஒன்றாகச் சாப்பிடுவதால் தொற்றாது என்று விளங்கப்படுத்தவே எனக்கு மாதக் கணக்கில் போனது. இப்போது இது.

ஹேர்பிஸ் என்பது ஒரு கிருமிக் குடும்பத்தின் பெயர். மனிதரில் காணப்படுபவை எட்டு ஒன்பது வகை. கொப்புளிப்பானையும் அக்கியையும் தருவது அதில் ஒன்று. மருமகன் வாசித்தது வேறொன்று. இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. மருத்துவர்களே, தாதியரே, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ‘அக்கி’ என்று தமிழில் எழுதிவிடுங்கள். ஹெப்பரைற்றிஸ் குளிசையைக் கையில் கொடுக்கும்போதே, ஒரு பக்கமாக எரிவும் கொப்புளமும் கண்டால் அன்றைக்கே வா என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். கொப்புளம் காயும்வரை கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கொப்புளிப்பான் வராதவர்களும் மட்டும் கொஞ்சம் தள்ளி இருந்தால் போதும்.

தம்பி குளிசையை முடித்துவிட்டான். கிருமி போய்விட்டதா என்று பார்க்க அடுத்த மாதம் இரத்தம் கொடுக்க வேண்டும். கொப்புளங்கள் காய்ந்து மூன்று மாதமாகிறது. மண்வெட்டியைத் தூக்கினால் இன்னும் அந்த விலாவைப் பிடித்துக்கொண்டு வரம்பில் இருந்துவிடுகிறான்.

இப்படிக்கு,
ஓர் அக்கா,
முள்ளியவளை.