ஜனவரியிலேயே கிணற்றை அளப்போம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வறட்சி பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். குளங்களைத் தூர்வார வேண்டும், தடுப்பணைகள் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மழை பொய்த்துப்போன வருசத்தில் தடுப்பணை காய்ந்துதான் கிடக்கும். முந்தைய மழைக்குப் பூமிக்குள் இறங்கியதில் மிச்சமிருக்கும் தண்ணீரை வைத்துத்தான் அந்த வருசத்தை ஓட்டியாக வேண்டும். அதை யார், எதற்கு, எவ்வளவு எடுப்பது என்று ஊர் கூடிப் பேசுவதைப் பற்றித் தலையங்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பல்லடத்துக்குத் தெற்கே தென்னை வைத்திருக்கும் விவசாயி. 2016-ல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. ஏப்ரலில் மரங்கள் குருத்துச் சாய ஆரம்பித்ததும் நானும் ஆழ்துளைக் கிணறு (போர்) போட ரிக் வண்டியை வரச்சொன்னேன். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் காட்டிய இடத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஓட்டத் தொடங்கினார்கள். 90 அடியில் ஈர மண் வந்தது. அம்மா கற்பூரம் ஏற்றினார். அப்புறம் பாறை. 400, 600, 800 என்று ராடு மேல் ராடாக இறங்க இறங்க, மாவு மாதிரி வெள்ளைத் தூள்தான் பறந்தது. விடியும்போது 1,050 அடியில் கொஞ்சம் தண்ணீர் தட்டுப்பட்டது. வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால் சுற்றியிருந்த தென்னை மட்டைகளெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல நின்றன.

பத்து நாள் கழித்துப் பக்கத்துத் தோட்டத்து அத்தை வந்தார். சண்டைக்கு வரவில்லை. "உங்க போரு ஓடுறப்ப எங்க கிணத்துல ஊத்து நின்னு போகுது கண்ணு" என்றார். அவருடையது 100 அடித் திறந்தவெளிக் கிணறு. இரண்டு நாள் மோட்டாரை நிறுத்திப் பார்த்தோம். மூன்றாம் நாள் காலை அவர் கிணற்றில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. போரின் மேல்பகுதியில் பக்கச் சுவரை அடைக்க இறக்கும் குழாயான கேசிங் பைப்பை நாங்கள் 40 அடிவரைதான் இறக்கியிருந்தோம். 90 அடியில் நான் பார்த்த ஈரம் அவர் கிணற்றின் ஊற்று. அது என் போருக்குள் வடிந்துகொண்டிருந்தது. ஆயிரம் அடித் தண்ணீர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அவருடையது. அந்தப் போரும் அடுத்த கோடையில் வெறும் காற்றைத்தான் தள்ளியது. கடன் மட்டும் மிச்சம்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலம் கடினப் பாறை. மேலே இருக்கும் சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். கீழே போகப் போக வெடிப்பு குறையும். ஆழமாகப் போனால் அள்ள அள்ளக் குறையாது என்பது எங்கள் மண்ணுக்குப் பொருந்தாது.

ஒரு கணக்கும் சொல்கிறேன். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் மழை பெய்தால் சுமார் ஒரு லட்சம் லிட்டர். எங்கள் பக்கம் வருசத்துக்கு 24 அங்குலம் பெய்தால் நல்ல வருசம். பாறை நிலத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கினாலே பெரிது. ஆக, ஏக்கருக்குப் பூமி சேமிப்பது 2.4 லட்சம் லிட்டர். ஏக்கருக்கு 70 தென்னை, சொட்டுநீரில் மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர் என்று வைத்தாலும், பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாதத்துக்கு ஐந்தரை லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது என் ஒரு ஏக்கர் தென்னை, ஒரு கோடைக்கே இரண்டு ஏக்கருக்கு மேல் பூமி சேமித்த தண்ணீரைக் குடிக்கிறது. மீதி மானாவாரிக்காரர்களின் காட்டுக்கடியில் இருந்து வருகிறது. மழை பாதியாகும் வருசத்தில் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதை ஊரே உட்கார்ந்து கணக்குப் பார்த்த இடங்கள் உண்டு. மகாராஷ்டிரத்து அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்தில் ஹிவ்ரே பஜார் என்ற கிராமம், எங்களைவிடக் குறைவாக மழை பெறும் ஊர். சர்பஞ்ச் (ஊராட்சித் தலைவர்) போபட்ராவ் பவார் காலத்தில் மண், மரம், நீர்த்தேக்க வேலைகள் எல்லாம் செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. பாசனத்துக்குப் போர் போடக் கூடாது, தண்ணீரை நிறையக் குடிக்கும் கரும்பும் வாழையும் வேண்டாம் என்று ஊர் முடிவெடுத்தது. வருசா வருசம் மழையை அளந்து, குடிக்க, மாட்டுக்கு என்று முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குத் தகுந்தபடி பயிரைத் தீர்மானிக்கிறார்கள். மழை குறைந்தால் கோடைப் பயிர்ப் பரப்பைக் குறைக்கிறார்கள். ஆந்திராவின் வறண்ட மாவட்டங்களிலும் நூற்றுக்கணக்கான கிராமங்களில் விவசாயிகளே மழைமானி வைத்து, தங்கள் போர்களில் நீர்மட்டத்தை அளந்து, விதைப்புக்கு முன்னால் கணக்குப் பார்த்தார்கள்.

நம் மாநிலத்தில் 2003-ல் நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம் வந்தது. நடைமுறைக்கே வராமல் 2013-ல் நீக்கப்பட்டது. புதிய சட்டம் வரட்டும், நல்லது. ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ல் இப்போது கிராமசபை நடக்கிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் அதற்குள் கோடைப் பயிர் மண்ணில் இருக்கும், கடன் வாங்கியாகிவிட்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிகிறது. ஜனவரி 26 கிராமசபையில் ஊரின் தண்ணீர்க் கணக்கை வைக்க வேண்டும். இந்த வருசம் எத்தனை அங்குலம் பெய்தது, ஊரில் ஐந்தாறு கிணறுகளில் மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது, போன ஜனவரியில் எங்கே நின்றது, இதைச் சொன்னாலே போதும். மட்டம் இறங்கியிருந்தால் இந்தக் கோடைக்கு மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் வேண்டாம், தீவனச் சோளமும் கொள்ளும் போதும், இருக்கிற மரத்தை மட்டும் காப்பாற்றுவோம், குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் புதுப் போர் வேண்டாம் என்று பேசலாம்.

என் நிலம், என் போர், யார் கேட்பது என்று சிலர் சொல்வார்கள். தன் நிலத்துக்கடியில் உள்ள தண்ணீரை எடுக்க நிலத்துக்காரருக்கு உரிமை தரும் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. இலவச மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி இதைத் திசைதிருப்பப் பார்ப்பவர்களும் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன், சிறு விவசாயி அதனால்தான் பிழைத்திருக்கிறான். ஆனால் அந்த அத்தையின் கிணற்றில் நின்ற முழங்கால் தண்ணீரைப் பார்த்தவன் நான். நிலத்துக்கு எல்லைக்கல் நட்டிருக்கிறோம், ஊற்றுக்கு நடவில்லை.

உங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டச் சராசரி நீர்மட்டத்தை அவ்வப்போது வெளியிடுகிறீர்கள். அதை வைத்து எங்கள் ஊர்க்காரர் ஒரு முடிவும் எடுக்க முடியாது. கண்காணிப்புக் கிணறுகளில் அரசு மாதாமாதம் எடுக்கும் அளவுகளைக் குறுவட்ட வாரியாகக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு மாதமும் போடுங்கள். என் கிணற்றின் உட்சுவரில் பத்தடிக்கு ஒரு கோடாகப் பெயின்ட் அடித்திருக்கிறேன். அத்தை வீட்டுக் கிணற்றிலும் அடித்தாயிற்று. ஒன்றாம் தேதிதோறும் இரண்டையும் பார்த்து எழுதி வைக்கிறோம். வரும் ஜனவரி 26-க்கு அந்த நோட்டைக் கிராமசபைக்குக் கொண்டுபோவேன்.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்