ஹெட் லைட் விற்பவர்களுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் ஒரு பால்வெட்டுக்காரனின் மடல்

அன்புள்ள கடைக்கார அண்ணன்மார்களுக்கும் ரிப்பேர் பார்க்கும் தம்பிமார்களுக்கும்,

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை என்று நம் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் எல்லோரும் உங்களிடம்தான் தலையில் கட்டும் ஹெட் லைட் வாங்குகிறோம். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் காலை மூன்று, மூன்றரை மணிக்கே தோட்டத்தில் இறங்க வேண்டும். இரண்டு கையும் கத்தியில் இருக்கும், டார்ச்சைப் பிடிக்கக் கை இல்லை. அதனால் லைட் நெற்றியில், பேட்டரிப் பெட்டி பின்மண்டையில். தினமும் மூன்று நான்கு மணி நேரம் அதைத் தலையில் கட்டிக்கொண்டு நடக்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தை மாதம். இலை உதிர்ந்து தோட்டம் முழுக்கக் காய்ந்த சருகு. ஐம்பது அறுபது மரம் வெட்டியிருப்பேன். லைட் ஒருமுறை மங்கி மறுபடி எரிந்தது. பின்மண்டையில் சூடு, வியர்வை என்று நினைத்தேன். அப்புறம் ஒரு வாடை, நெயில் பாலிஷை மோந்தது போல இனிப்பும் நெடியுமாக. பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன். விழுந்த இடத்தில் 'உஸ்' என்று சீறல் கேட்டது. உடனே முழ நீளத்துக்குத் தீ. சருகு பற்றிக்கொண்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, பச்சைக் கொப்பை ஒடித்து அடித்து அணைத்தேன். பிடரி முடி கருகி, தோல் ஒரு ரூபாய் காசு அளவுக்குக் கொப்பளித்தது. அவ்வளவோடு போயிற்று. பெல்ட் கொக்கி அன்றைக்குச் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் வெட்டுக்கு இறங்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

எந்தக் கடையில் வாங்கினேன் என்று சொல்லப் போவதில்லை. அன்றைக்கு எரிந்தது உள்ளே இருந்த லித்தியம் பேட்டரி, 'செல்' என்போமே, அது. அதே செல் எத்தனையோ கடைகளில் தொங்குகிறது. கடைக்காரர் என்னை ஏமாற்ற நினைத்தார் என்றும் நான் நம்பவில்லை. டவுனிலிருந்து பெட்டியில் வந்ததை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எங்கள் அப்பா வைத்திருந்தது இரண்டு கட்டை டார்ச். அந்தக் கட்டை பேட்டரி கெட்டுப்போனால் ஒழுகும், ஸ்பிரிங்கில் பச்சை பூக்கும். கொப்பரைத் தேங்காயோடு வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார். பேட்டரி என்றால் பயப்பட ஒன்றும் இல்லை என்ற அந்தப் பழக்கம்தான் நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. இந்த லித்தியம் செல் வேறு ஜாதி. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால்தான் அதற்கு 18650 என்று பெயர். அந்தச் சின்னக் குழாய்க்குள் எரியக்கூடிய திரவமும், காகிதம் போல மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தடுப்பும் இருக்கின்றன. சூடு 130 டிகிரியைத் தொட்டால் அந்தத் தடுப்பு உருகும். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு செல் தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டே போகும், சுவிட்சை அணைத்தாலும் நிற்காது. தண்ணீர் புகாத அலுமினிய டார்ச்சாக இருந்தால் இன்னும் மோசம். உள்ளே உருவாகும் வாயு வெளியே போக வழியில்லாமல் டார்ச்சே வெடிக்கலாம்.

என் அக்கா மகன் ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். எரிந்த செல்லோடு ஜோடியாக வாங்கியதைக் கொண்டுபோய்க் காட்டினேன். எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதற்கு மேலே 9900 மில்லி ஆம்பியர் ஹவர் என்று போட்டிருந்தது. அவன் முதலில் செய்தது அதை எடை போட்டதுதான். 28 கிராம். நல்ல கம்பெனி 18650 செல் பெரும்பாலும் 45 கிராம் பக்கம் இருக்கும். இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகள் கொடுப்பதே பெரும்பாலும் 3500 சொச்சம்தான், 9900 என்பது இந்த உலகத்தில் கிடையாது. அப்படி ஒரு எண்ணை அச்சடிக்கத் துணிந்தவன் உள்ளே என்ன வைத்திருப்பான்? பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்லுக்குப் புது உறை மாட்டி வருவதும் உண்டு என்றான். 2021 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், உதிரியாக விற்கும் 18650 செல்லை வாங்கவே வேண்டாம் என்று மக்களை எச்சரித்தது. பாதுகாப்பு சர்க்யூட்டோடு பேட்டரி பேக்குக்குள் வைப்பதற்காகச் செய்த செல் அது, தனியாகக் கையில் கொடுப்பதற்கில்லை என்பதுதான் காரணம்.

அண்ணன்மார்களே, உங்கள் கடையில் தராசு இருக்கிறது. புதுச் சரக்கு வந்ததும் ஒரு செல்லை எடுத்து எடை போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் லித்தியம் செல்லுக்கு ஐஎஸ் 16046 என்ற தரம் இருக்கிறது. பதிவு செய்த செல்லில் ஆர் என்ற எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று வந்துவிடும். எண் இல்லாத சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். விலை கூடும் என்பது தெரியும். நாங்கள் முனகுவோம் என்பதும் தெரியும். காரணத்தைச் சொல்லி விற்றால் வாங்குவோம்.

ரிப்பேர் பார்க்கும் தம்பிமாரிடம் எனக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கரண்டில் நேராகக் குத்தி சார்ஜ் ஏற்றும் பழைய டார்ச்சுகளில் 4 வோல்ட் ஆசிட் பேட்டரி இருக்கும். அது செத்ததும் எடுத்துப் போட்டுவிட்டு அதே இடத்தில் ஒரு லித்தியம் செல்லை வைத்து ஈயம் பற்றவைத்துக் கொடுக்கிறீர்கள். வெளிச்சம் கூடுதலாக வருகிறது, ஆளும் சந்தோஷமாகப் போகிறார். ஆனால் உள்ளே இருக்கும் சார்ஜர் ஒரு கண்டென்சரும் நாலு டயோடும்தான். எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. ஆசிட் பேட்டரி 4.8 வோல்ட் வரை தாங்கும். லித்தியம் செல்லுக்கு 4.2 தான் எல்லை. ராத்திரி முழுக்கக் குத்தி வைத்தால் அந்த எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அந்த டார்ச் சார்ஜ் ஆவது எங்கே தெரியுமா? எங்கள் வீடுகளில் பிள்ளைகள் படுக்கும் பாய்க்குப் பக்கத்தில், ஏனென்றால் அந்த அறையில் ஒரே ஒரு பிளக்தான் இருக்கும். தயவு செய்து இந்த மாற்று வேலையை விட்டுவிடுங்கள். ஆசிட் பேட்டரிக்கு ஆசிட் பேட்டரியே போடுங்கள். லித்தியம்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், சார்ஜ் போர்டையும் சேர்த்து மாற்றாமல் கொடுக்காதீர்கள்.

அப்புறம் மழைக்காலம். ஆனி ஆடியில் மழை பிடித்தால் வெட்டு நிற்கும், ஹெட் லைட் வாரக்கணக்கில் ஆணியில் தொங்கும். செல் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். 2.5 வோல்ட்டுக்கும் மிகக் கீழே இறங்கி வெகுநாள் கிடந்த செல்லுக்குள் செம்பு கரைந்து வேறிடத்தில் படிய ஆரம்பிக்கும் என்று மருமகன் சொன்னான். அதைத் திரும்ப சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். "சார்ஜ் ஏற மாட்டேங்குது அண்ணா" என்று நாங்கள் கொண்டுவரும்போது நீங்கள் வேறொரு பேட்டரியிலிருந்து வயர் தொட்டு 'எழுப்பி'க் கொடுக்கிறீர்கள். அன்போடு செய்கிற காரியம்தான். ஆனாலும் அந்த செல்லை எழுப்பாதீர்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரித்தவர்களுக்கும் இறக்குமதி செய்தவர்களுக்கும் உண்டு. உங்களுக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரியிடம் அதைக் கேளுங்கள். அதுவரை இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மூடாத மண் சட்டியில் கொஞ்சம் மணல் போட்டு வைத்தால் போதும். இன்றைக்கு அவையெல்லாம் ஒட்டுப்பால் (மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால்) சாக்கோடும் குப்பையோடும் சேர்ந்து எரிகின்றன.

விற்கும்போது எங்களிடம் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். மேல் உறை கிழிந்த செல்லைப் போடாதே, சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் போடாதே, தூங்கும்போது சார்ஜ் போடாதே. சூடோ வாடையோ வந்தால் கழற்றி வெட்டவெளியில் எறி, புகையை மோக்காதே, தண்ணீர் நிறைய ஊற்று. மருந்துக்கடையில் மாத்திரை கொடுக்கும்போது சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்வதில்லையா, அந்த நேரம்தான் ஆகும்.

அந்த 28 கிராம் செல் இன்னும் என்னிடம் இருக்கிறது, டேப் சுற்றி மணலில் புதைத்து வைத்திருக்கிறேன். கூடவே மருமகன் வாங்கித் தந்த நல்ல செல் ஒன்றும். வெட்டு முடிந்து பால் கொடுத்துவிட்டுக் கடைத்தெருப் பக்கம் வரும் நாட்களில் இரண்டையும் எடுத்து வருகிறேன். உங்கள் தராசிலேயே வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பால்வெட்டுக்காரன்