மூடும் முன் கம்பியைக் காட்டுங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

மழைக்காலம் முடிந்தால் போதும், எங்காவது கூரைக் காரை பெயர்ந்து விழுந்த செய்தி வந்துவிடுகிறது. முப்பத்தோரு வருடம் கம்பி கட்டிய எனக்கு அதைப் படித்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: இதற்கு முன்னால் அங்கே பூசியது யார்?

என் அக்கா வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பழைய அடுக்குமாடியில். மாசி மாதம் சமையலறைக் கூரையிலிருந்து இட்லித் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு விழுந்தது. நல்லவேளை, அக்கா கடைக்குப் போயிருந்தாள். சங்கம் பேசிவிட்ட ஆள் வந்தார். தொங்கியதைத் தட்டிவிட்டு, துருக் கம்பி மேலேயே சிமெண்ட் பால் அடித்து, சாயங்காலத்துக்குள் பூசிவிட்டுப் போய்விட்டார். கூலி சதுர அடிக் கணக்கு. ஆவணியில் அதே இடத்தில், கம்பி ஓடும் வாக்கிலேயே வெடிப்பு.

இந்த முறை நானே போனேன். சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் 'டங்' என்னும், உள்ளே விட்டுப்போனது 'டொப்' என்னும். டொப் என்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்து, முட்டுக் கொடுத்துக் கொத்தினோம். துருவுக்கு, அது தின்ற இரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு இடம் வேண்டும். காரையைத் தள்ளுவது அதுதான். ஒயர் பிரஷால் தேய்த்து இரும்பின் பளபளப்பு தெரிந்ததும், கம்பியின் தடிமனை அளக்கும் காலிப்பர் வைத்தேன். 10 மி.மீ. கம்பி ஓரிடத்தில் 7 மி.மீ.

"மூணு மில்லிதானே மாமா?" என்றான் அக்கா மகன்.

"பத்தைப் பத்தால பெருக்கு, நூறு. ஏழை ஏழால பெருக்கு, நாற்பத்தொன்பது. பாதிக் கம்பி போச்சு மாப்ள."

கம்பிக்கு அடியில் அரை இஞ்ச் கான்கிரீட்கூட இல்லை. கடலோர ஊரில், வீட்டுக்குள் இருக்கும் கான்கிரீட்டுக்கே ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி கேட்பது 30 மி.மீ. உண்மையைச் சொன்னால், அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் இல்லாத நாளில் நாங்களும் ஒரு ஜல்லியைச் செருகிவிட்டுப் போனதுண்டு.

கம்பியின் அடிப்பக்கத்தை மட்டும் தேய்த்தால் முதுகில் துரு இருந்துகொண்டே இருக்கும். பின்னால் விரல் நுழையும்படி, 20 மி.மீ. அளவுக்காவது கொத்த வேண்டும். துருப்பிடிக்காத கம்பி தென்படும்வரை இருபுறமும் போக வேண்டும். மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி வைத்து, நல்ல பகுதியில் இரண்டு முனையிலும் அரை மீட்டர் லாப் கொடுத்து, அதாவது அவ்வளவு நீளம் பழைய கம்பியோடு சேர்ந்து ஓடும்படி, கட்டினோம். வந்த கொத்தனார் வெல்டிங் வைக்கலாம் என்றார். பழைய முறுக்குக் கம்பிக்கு பலமே அந்த முறுக்கில்தான், சூடு பட்டால் இறங்கிவிடும் என்று தடுத்துவிட்டேன். அப்புறம் துத்தநாகப் பிரைமர், பாலிமர் கலந்த சிமெண்ட் கலவை. மேல்வீட்டுக் குளியலறைக் கசிவை அடைக்க வைப்பதற்குத்தான் இதையெல்லாம்விட அதிக நாள் ஆனது.

குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். கொட்டேஷனில் ஒரு வரி சேருங்கள்: கம்பியைச் சுத்தம் செய்து, அளந்து காட்டி, போட்டோ எடுத்த பிறகே பூச்சு. சதுர அடிக்குக் காசு என்றால் எவரும் சீக்கிரம் மூடத்தான் பார்ப்பார். தூணிலோ பீமிலோ வெடிப்பு என்றால் என்னைப் போன்ற ஆளை நம்பாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

அக்கா வீட்டுக் கம்பியின் படங்கள் என் போனில் இருக்கின்றன. பிரசுரிப்பதானால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பி ஃபிட்டர்,
திருவொற்றியூர்.